ஒரே சாலை, எட்டு மாநிலம், எட்டுக் கணக்கு: அமெரிக்காவில் ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினால் எந்த 'ஸ்கூலு'க்குப் போவது?

மெய்ன் மாநிலத்தில், கனடா எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் ஹோல்டன் என்ற சின்ன ஊரிலிருந்து கிளம்புகிறது அந்தச் சாலை. பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், வாஷிங்டன், ரிச்மண்ட், சவானா, ஜாக்சன்வில் என்று கிழக்குக் கடற்கரை ஊர்களையெல்லாம் தொட்டுக்கொண்டு மயாமியில் போய் முடிகிறது. பெயர் இன்டர்ஸ்டேட் 95. சுருக்கமாக ஐ-95. நீளம் 1,900 மைலுக்குக் கொஞ்சம் அதிகம். நம் கணக்கில் 3,000 கிலோமீட்டருக்கும் மேல். மொத்தம் 15 மாநிலங்களைக் கடக்கிறது. அமெரிக்காவில் வேறு எந்த இன்டர்ஸ்டேட் சாலையும் இத்தனை மாநிலங்களைக் கடப்பதில்லை.

நியூஜெர்சியின் எடிசன், ஐஸ்லின் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சாலை நன்றாகப் பழக்கம். ஸ்கூல் லீவு விட்டால் ஃப்ளோரிடா, டிஸ்னி வேர்ல்டு என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். நான்கைந்து பேருக்கு விமான டிக்கெட் எடுப்பதைவிட, புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு காரிலேயே கிளம்பிவிடலாம் என்று பல வீடுகளில் முடிவாகும். சுமார் 1,000 மைல் பயணம். எட்டு மாநிலங்கள். நடுவே ஒரு ராத்திரி மோட்டலில் தூக்கம்.

அந்தப் பயணத்தில் வேறொரு 'டிக்கெட்'டும் கிடைக்க வாய்ப்புண்டு. வேகமாகப் போனதற்கான டிக்கெட்!

அதை வாங்கியவருக்கு நண்பர்கள் வட்டத்தில் உடனே கிடைக்கும் அட்வைஸ், "டிராஃபிக் ஸ்கூல் போயிடு, சரியாயிடும்" என்பதுதான். பாதி சரி. ஏனென்றால், கலிஃபோர்னியாவில் சரியாகும் விஷயம் வர்ஜீனியாவில் சரியாகாது. ஃப்ளோரிடாவில் கிடைக்கும் சலுகை ஜார்ஜியாவில் வெளியூர்க்காரருக்குக் கிடையாது. சாலை ஒன்றுதான். ஒவ்வொரு எல்லையைத் தாண்டும்போதும் சட்டம் மாறிவிடுகிறது.

மாநிலத்துக்கு ஒரு வேகம்

நம் ஊரில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை ஒரே மோட்டார் வாகனச் சட்டம். அபராதத் தொகையில் மாநிலங்களுக்கிடையே வித்தியாசம் இருக்கலாம். அடிப்படைச் சட்டம் ஒன்றுதான். அமெரிக்காவில் போக்குவரத்துச் சட்டத்தை எழுதுவதும் லைசென்ஸ் கொடுப்பதும் அந்தந்த மாநிலம்.

வேகத்துக்கு மட்டும் ஒரு காலத்தில் நாடு முழுவதற்கும் ஒரே வரம்பு இருந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய்க்குத் தடை போட்டபோது பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. 1974-இல் மணிக்கு 55 மைல்தான் (சுமார் 89 கி.மீ.) உச்ச வேகம் என்று மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம். பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். 1995-இல் அதை முழுவதுமாக நீக்கி, முடிவை மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள்.

அதன் விளைவைச் சாலையில் பார்க்கலாம். டெக்சாஸில் ஆஸ்டின் நகருக்குத் தெற்கே 130-ஆம் எண் டோல் சாலையின் ஒரு பகுதியில் 85 மைல் (137 கி.மீ.) வரை போகலாம். நாட்டிலேயே அதுதான் அதிகம். ஹவாய் தீவுகளில் 60 மைலைத் தாண்டும் அனுமதி எங்கேயும் கிடையாது. ஐ-95-இல் நியூஜெர்சியில் 65 என்றால், தெற்கே போகப் போக 70 ஆகிறது. நகரம் நெருங்கினால் 55-க்கு இறங்குகிறது. சாலை வேலை நடக்கும் இடத்தில் இன்னும் குறைகிறது. தூக்கக் கலக்கத்தில் ஒரு போர்டைக் கவனிக்காமல் விட்டால் போதும்.

பின்னால் விளக்கு மின்னினால்…

ரியர் வியூ கண்ணாடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். இண்டிகேட்டர் போட்டு, வலதுபுறம் ஓரமாக நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேலேயே வைத்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து வந்து பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பா, "இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன்பா" என்று சொல்லக்கூடும். அந்தத் தப்பை மட்டும் செய்யவே கூடாது. நம் ஊரில் வண்டியைவிட்டு இறங்கிப் போவது மரியாதை. அங்கே போலீஸ்காரர் சொல்லாமல் கதவைத் திறப்பது அவருக்கு ஆபத்து அறிகுறி. லைசென்ஸ் கேட்டவுடன் டேஷ்போர்டுக்குள் சட்டென்று கைவிடுவதும் அப்படித்தான். "எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. பணம் கொடுக்கும் பேச்சே கூடாது. ஃபைனை அந்த இடத்திலேயே வசூல் பண்ணும் வழக்கமும் இல்லை.

அவர் கொடுக்கும் தாளில் மூன்று விஷயங்கள் முக்கியம். எந்த கவுன்ட்டியின் கோர்ட், எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், எந்தச் சட்டப் பிரிவு. சில மாநிலங்களில் அந்தத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். அது தப்பை ஒப்புக்கொள்ளும் கையெழுத்து ஆகாது. குறித்த தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்ற உறுதிமொழிதான்.

டிக்கெட் ஓர் ஊர், லைசென்ஸ் ஓர் ஊர்

வெளிமாநில டிக்கெட் என்றதும் பலருக்குத் தோன்றும் முதல் யோசனை: "நாம மறுபடியும் அந்தப் பக்கம் போகவா போறோம்? விட்டுடலாம்."

அது நடக்காது. மாநிலங்களுக்குள் இரண்டு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று, 'டிரைவர் லைசென்ஸ் காம்பேக்ட்'. 1960-களிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 'ஓர் ஓட்டுநர், ஒரு லைசென்ஸ், ஒரு ரெக்கார்டு' என்பதுதான் இதன் கொள்கை. ஒரு மாநிலத்தில் செய்த விதிமீறல், லைசென்ஸ் கொடுத்த சொந்த மாநிலத்துக்குத் தகவலாகப் போய்ச் சேரும். 45 மாநிலங்கள் இதில் இருக்கின்றன. ஜார்ஜியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற சில மாநிலங்கள்தான் வெளியே நிற்கின்றன.

இரண்டாவது, 1977-இல் வந்த 'நான்ரெசிடென்ட் வயலேட்டர் காம்பேக்ட்'. வெளியூரில் வாங்கிய டிக்கெட்டுக்குப் பதிலே சொல்லாமல் இருந்தால், அதைத் தீர்க்கும்வரை சொந்த மாநிலம் லைசென்ஸை நிறுத்திவைக்கும். 44 மாநிலங்கள் இதில் உறுப்பினர்கள். அதாவது, ஜார்ஜியாவில் வாங்கிய டிக்கெட்டைக் குப்பையில் போட்டால், நியூஜெர்சியில் பால் வாங்கப் போகும்போது மாட்டிக்கொள்ளலாம்.

தகவல் வந்து சேர்ந்த பிறகு என்ன செய்வது என்பதை சொந்த மாநிலம்தான் முடிவு செய்யும். நியூஜெர்சியில் வெளிமாநில விதிமீறலுக்குப் பொதுவாக 2 பாயின்ட் ஏறும். அதே நியூஜெர்சிக்குள் வேக வரம்பைவிட 1 முதல் 14 மைல் அதிகம் போனால் 2 பாயின்ட், 15 முதல் 29 மைல் என்றால் 4, 30-ஐத் தொட்டால் 5. மூன்று வருடத்துக்குள் 6 பாயின்ட் சேர்ந்தால் 150 டாலர் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் 25 டாலர். 12 பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸ் சஸ்பெண்ட்.

பக்கத்து மாநிலமான நியூயார்க்கின் கணக்கு வேடிக்கையானது. மற்ற அமெரிக்க மாநிலங்களில் வாங்கும் ஸ்பீடிங் டிக்கெட்டுக்கு அது பாயின்ட் போடுவதில்லை. ஆனால், கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களில் வாங்கினால் பாயின்ட் உண்டு! நயாகரா பார்க்கப் போகும் நியூயார்க் லைசென்ஸ்காரர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

பாயின்ட் ஏறாவிட்டாலும் நிம்மதி கிடையாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஓட்டுநரின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் பிரீமியத்தை முடிவு செய்கின்றன. ஃபைன் ஒரு முறையோடு போய்விடும். பிரீமியம் ஏறினால் சில வருடங்களுக்கு அந்தச் சுமை தொடரும்.

தெற்கு நோக்கி ஒரு பயணம்

எடிசனிலிருந்து கிளம்பும் கார் முதலில் நியூஜெர்சி டர்ன்பைக்கில் ஏறும். இந்தச் சாலையின் ஓய்வு நிலையங்களுக்குப் பிரபலங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். கவிஞர் வால்ட் விட்மன் பெயரில் ஒன்று, செவிலியர் கிளாரா பார்ட்டன் பெயரில் இன்னொன்று, தாமஸ் எடிசன் பெயரிலும் ஒன்று. பெட்ரோலை இங்கேயே போட்டுக்கொள்ளலாம். ஊழியரே வந்து போட்டுவிடுவார். வாடிக்கையாளர் தானே பெட்ரோல் போடுவதைத் தடை செய்திருக்கும் ஒரே மாநிலம் இப்போது நியூஜெர்சிதான்.

டெலவர் மெமோரியல் பாலத்தைத் தாண்டினால் டெலவர் மாநிலம். ஐ-95 இங்கே ரொம்பச் சின்னத் தூரம்தான் ஓடுகிறது. விற்பனை வரி இல்லாத மாநிலம் என்பதால் போன், லேப்டாப் வாங்க நிறுத்துபவர்கள் உண்டு. அரை மணி நேரத்துக்குள் மேரிலாந்து வந்துவிடும்.

மேரிலாந்தில் வேக கேமராக்களைப் பார்க்கலாம். கேமரா அனுப்பும் டிக்கெட் வண்டியின் உரிமையாளர் பெயருக்கு வரும். ஃபைன் மட்டும்தான், பாயின்ட் கிடையாது. அதற்கு ஸ்கூலும் தேவையில்லை. போலீஸ்காரர் கையில் கொடுக்கும் டிக்கெட்தான் ரெக்கார்டில் ஏறும். அதற்கு உடனே பணம் கட்டினால் தப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். விசாரணை கேட்டால், பழைய ரெக்கார்டு சுத்தமாக இருப்பவர்களுக்கு நீதிபதி 'ப்ரொபேஷன் பிஃபோர் ஜட்ஜ்மென்ட்' கொடுக்க வாய்ப்புண்டு. கிடைத்தால் பாயின்ட் ஏறாது. இங்கே முக்கியம் ஸ்கூல் அல்ல, விசாரணை கேட்கும் அந்த ஒரு டிக் மார்க்.

பால்டிமோர் துறைமுகத்துக்கு அடியில் ஓடும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்தைக் கடந்து, வாஷிங்டனைச் சுற்றிக்கொண்டு போனால் பொடோமாக் நதி மேல் உட்ரோ வில்சன் பாலம். மேரிலாந்து, வாஷிங்டன் டி.சி., வர்ஜீனியா என்று மூன்று எல்லைகளையும் ஒரே பாலம் தொடுகிறது. ஓரிரு நிமிடத்துக்குள் மூன்று சட்டங்களின் கீழ் ஓட்டிவிடலாம்.

பாலம் இறங்கினால் வர்ஜீனியா. இந்தப் பயணத்தில் மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் இதுதான்.

வர்ஜீனியா: இங்கே அது வெறும் டிக்கெட் இல்லை

வேக வரம்பைவிட 20 மைல் அதிகமாகப் போனாலோ, வரம்பு எதுவாக இருந்தாலும் 85 மைலைத் தாண்டினாலோ, வர்ஜீனியாவில் அது 'ரெக்லெஸ் டிரைவிங்'. 2020 ஜூலைக்கு முன்னால் இந்த எல்லை 80 மைலாக இருந்தது. 70 மைல் வரம்புள்ள இடத்தில் 86-இல் போனால், வரம்பைவிட 16 மைல்தான் கூடுதல். ஆனாலும் அது 'கிளாஸ் 1 மிஸ்டிமீனர்', அதாவது கிரிமினல் குற்றம். அதிகபட்சத் தண்டனை 12 மாத சிறை, 2,500 டாலர் அபராதம்.

நடைமுறையில் எல்லோரையும் சிறைக்கு அனுப்புவதில்லை. ஆனால், தீர்ப்பு பாதகமாக வந்தால் குற்றப் பதிவு என்ற கறை நிற்கும். எச்1பி விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கு இதன் கனம் புரியும். விசா ஸ்டாம்பிங்குக்கான டிஎஸ்-160 படிவத்தில், கைதானதுண்டா, குற்றத் தீர்ப்பு பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. ஸ்பீடிங் டிக்கெட்தானே என்று நினைத்த விஷயம், சென்னை தூதரகத்தின் ஜன்னலில் விளக்கம் சொல்ல வேண்டிய விஷயமாக வந்து நிற்கலாம்.

ஆன்லைனில் பணம் கட்டி முடித்துவிடும் வசதியும் ரெக்லெஸ் டிரைவிங்குக்குக் கிடையாது. கோர்ட் தேதி உண்டு. 350 மைல் தள்ளி இருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் வக்கீல் மூலம் வழக்கை நடத்துகிறார்கள். 'டிரைவர் இம்ப்ரூவ்மென்ட் கிளினிக்' என்ற 8 மணி நேர வகுப்பு வர்ஜீனியாவில் இருக்கிறது. இந்த வகுப்பை முடித்த சான்றிதழை, தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது நீதிபதி முன் வைக்கலாம். ஏற்றுக்கொள்வதும் கொள்ளாததும் அவர் விருப்பம். ஸ்கூலை முடித்தால் வழக்கு தானாக மறைந்துவிடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இன்னொன்று. போலீஸ் ரேடாரை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் 'ரேடார் டிடெக்டர்' கருவியைப் பயன்படுத்துவதும் வர்ஜீனியாவில் சட்டவிரோதம். நியூஜெர்சியில் சொந்தக் காரில் அதை மாட்டலாம். வர்ஜீனியா எல்லையில் கழற்றி வைக்க வேண்டும்.

கரோலினாக்களும் ஜார்ஜியாவும்

வட கரோலினாவில் ஐ-95 சுமார் 180 மைல் ஓடுகிறது. பைன் மரங்கள், புகையிலை வயல்கள், நேர்கோடாகச் சாலை. கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். இங்கேயும் வரம்பைவிட 15 மைலுக்கு மேல் போனாலோ, 80-ஐத் தாண்டினாலோ மிஸ்டிமீனர். 55 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில், வரம்பைவிட 15 மைலுக்கு மேல் போனது நிரூபணமானால், அந்த மாநிலத்தில் ஓட்டும் உரிமை 30 நாள் ரத்தாகும்.

இங்கே ஒரு விசித்திர வழக்கம் உண்டு. அரசு வக்கீல் சம்மதித்தால், ஸ்பீடிங் குற்றச்சாட்டை 'இம்ப்ராப்பர் எக்விப்மென்ட்' என்று குறைத்துக்கொள்ளலாம். அதாவது, தப்பு ஓட்டுநர் மேல் இல்லை, ஸ்பீடோமீட்டர் மேல்! வரம்பைவிட 25 மைல், அதற்கு மேல் என்றால் அந்தச் சலுகையும் இல்லை.

வட கரோலினா முடிந்து தென் கரோலினா தொடங்கும் எல்லையில் 'சவுத் ஆஃப் தி பார்டர்' என்ற பிரமாண்டமான சாலையோர விடுதி வளாகம். பெரிய மெக்சிகன் தொப்பியைத் தலையில் வைத்த கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். இதன் விளம்பரப் பலகைகள் பல மைல்களுக்கு முன்பிருந்தே வரிசைகட்டும். 1949-இல் சின்ன பீர் கடையாக ஆரம்பித்த இடம் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் வட கரோலினா கவுன்ட்டியில் மதுவுக்குத் தடை இருந்ததால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு கோட்டைத் தாண்டினால் சட்டம் மாறும் என்பதை வைத்தே ஓர் ஊர் பிழைத்த கதை.

ஜார்ஜியாவில் ஐ-95 வெறும் 112 மைல்தான். சவானாவைத் தாண்டியதும் இரு பக்கமும் உப்பு நீர்ச் சதுப்பு நிலங்கள், வெள்ளைக் கொக்குகள். வேடிக்கை பார்த்துக்கொண்டே 85-ஐத் தொட்டுவிட்டால் 'சூப்பர் ஸ்பீடர்' பட்டம் கிடைக்கும். 2010 முதல் அமலில் இருக்கும் சட்டம் இது. உள்ளூர் கோர்ட் போடும் ஃபைன் தனி. அதைக் கட்டி முடித்து நிம்மதியாக இருக்கும்போது, மாநில அரசிடமிருந்து தனியாக 200 டாலருக்கு இன்னொரு கடிதம் வரும். வெளியூர்க்காரர்களுக்கும் உண்டு. முதல் தொகையைக் கட்டியதோடு முடிந்தது என்று அந்தக் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டால், ஜார்ஜியாவில் ஓட்டும் உரிமை போய்விடும். ஜார்ஜியாவின் டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு பாயின்ட்டைக் குறைக்கும். அது அந்த மாநில லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் ரெக்கார்டுக்கு மட்டும்.

ஃப்ளோரிடா: இங்கேதான் ஸ்கூல் கைகொடுக்கும்

ஃப்ளோரிடா எல்லையில் இருக்கும் வரவேற்பு மையத்தில் ஆரஞ்சு ஜூஸ் இலவசமாகத் தருவார்கள். இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. ஸ்கூல் என்ற வழி வெளியூர்க்காரருக்கும் திறந்திருக்கும் மாநிலம் இது.

டிக்கெட் வாங்கிய 30 நாளுக்குள் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்தில் 'ஸ்கூலைத் தேர்வு செய்கிறேன்' என்று பதிவு செய்ய வேண்டும். ஃபைனையும் கட்ட வேண்டும். பிறகு மாநிலம் அங்கீகரித்த 4 மணி நேர அடிப்படை வகுப்பை ஆன்லைனிலேயே முடித்து, சான்றிதழை கிளார்க்கிடம் சேர்க்க வேண்டும். இதைச் செய்தால் தீர்ப்பு நிறுத்திவைக்கப்படும், பாயின்ட் ஏறாது. 12 மாதத்தில் ஒரு முறைதான் இந்த வாய்ப்பு. வரம்பைவிட 30 மைல், அதற்கு மேல் போனவர்களுக்குக் கிடையாது.

ஐ-95-ஐ விட்டு விலகி, 301-ஆம் எண் சாலையில் ஓகாலா பக்கம் போகிறவர்களுக்கு வால்டோ என்ற ஊர் வரும். சில மைல் தூரத்துக்குள் வேக வரம்பு பல முறை மாறுவதால் பேர்போன ஊர். இத்தனை டிக்கெட் எழுத வேண்டும் என்று போலீஸாருக்கே இலக்கு வைத்திருந்தது வெளியே வந்து, 2014-இல் அந்த ஊரின் காவல் துறையையே கலைத்துவிட்டார்கள்.

ஸ்கூல் என்றால் என்ன ஸ்கூல்?

இத்தனையையும் பார்த்தால் ஒன்று புரியும். 'டிராஃபிக் ஸ்கூல்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன.

முதல் வகை, டிக்கெட்டையே தடுத்து நிறுத்துவது. ஃப்ளோரிடா இதற்கு உதாரணம். டிக்கெட் கொடுத்த மாநிலத்தின் கோர்ட் அனுமதியோடு, அது ஏற்றுக்கொள்ளும் ஸ்கூலில் படிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, ஏறிய பாயின்ட்டைக் குறைப்பது. இது லைசென்ஸ் கொடுத்த மாநிலத்தின் ஸ்கூல். நியூஜெர்சியில் 6 மணி நேர டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பு முடித்தால் 2 பாயின்ட் வரை குறையும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். இன்ஷூரன்ஸிலும் 3 வருடம் தள்ளுபடி கிடைக்கும். நியூயார்க்கில் அதே மாதிரி வகுப்புக்கு சஸ்பென்ஷன் கணக்கில் 4 பாயின்ட் வரை சலுகை, இன்ஷூரன்ஸில் 3 வருடத்துக்கு 10 சதவீதம் தள்ளுபடி. ஆனால், விதிமீறல் ரெக்கார்டிலிருந்து அழியாது.

மூன்றாவது வகை, நீதிபதியின் மனசுக்காகப் படிப்பது. வர்ஜீனியாவைப் போல.

இதில் ஒன்றை நினைத்து இன்னொன்றில் சேர்ந்துவிட்டுப் பணத்தை இழப்பதுதான் சிக்கல். ஃப்ளோரிடா டிக்கெட்டுக்கு நியூஜெர்சி வகுப்பை முடித்து அனுப்பினால் ஃப்ளோரிடா கிளார்க் அதை ஏற்க மாட்டார்.

மேற்கே போனால் வேறு கணக்கு

கிழக்குக் கரையில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸில் கிளம்பி, கிராண்ட் கேன்யன் பார்த்துவிட்டு, லாஸ் வேகாஸ் வழியாகத் திரும்புவது இன்னொரு பிரபலமான குடும்ப டூர். கலிஃபோர்னியா, அரிசோனா, நெவாடா என்று மூன்று மாநிலங்கள்.

கலிஃபோர்னியாவில் 18 மாதத்துக்கு ஒரு முறை டிராஃபிக் ஸ்கூல் போகலாம். ஃபைனை முழுசாகக் கட்டி, கோர்ட்டுக்குத் தனிக் கட்டணமும் ஸ்கூலுக்குத் தனிக் கட்டணமும் கட்ட வேண்டும். பலன், அந்த விதிமீறல் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்படும். வரம்பைவிட 25 மைலுக்கு மேல் போயிருந்தால் கிளார்க் இந்த அனுமதியைத் தர முடியாது. அரிசோனாவில் 12 மாதத்துக்கு ஒரு முறை. சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் என்றால் வகுப்பு முடித்ததும் தள்ளுபடி. வெளிமாநில லைசென்ஸ்காரர்களும் சேரலாம். கோர்ட் தேதிக்கு 7 நாள் முன்னதாக முடித்திருக்க வேண்டும். நெவாடாவில் ஸ்கூல், பாயின்ட் குறைக்கும் வகை. ரெக்கார்டில் 3 முதல் 11 பாயின்ட் இருப்பவர்களுக்கு 3 பாயின்ட் குறையும்.

டெக்சாஸில் 6 மணி நேர வகுப்பு உண்டு. ராணுவத்தில் பணியாற்றுபவர்களுக்கு விலக்கு. மற்றவர்கள் டெக்சாஸ் லைசென்ஸ் வைத்திருந்தால்தான் சேர முடியும். ஹூஸ்டன் மீனாட்சி கோயிலுக்கு லூசியானாவிலிருந்து வரும் பக்தர் டிக்கெட் வாங்கினால் கோர்ட்டில் வேறு வழியைத்தான் கேட்க வேண்டும்.

லாரி, பஸ் ஓட்டும் 'சி.டி.எல்' லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, சொந்தக் காரில் போயிருந்தாலும் விதிமீறலை மறைக்கும் சலுகை எங்கேயும் கிடையாது. அது மத்திய அரசின் விதி.

வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

ஒரு காலத்தில் சனிக்கிழமை முழுக்க ஒரு அறையில் உட்கார வேண்டும். கலிஃபோர்னியாவில் மேடை நகைச்சுவைக் கலைஞர்களை வைத்துப் பாடம் நடத்தும் 'காமெடி டிராஃபிக் ஸ்கூல்'கூட பிரபலமாக இருந்தது. இப்போது பெரும்பாலும் போனிலேயே முடிகிறது. ஆனால், ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் டைமர் ஓடும். படித்து முடித்தாலும் நேரம் முடியாமல் அடுத்த பக்கம் திறக்காது. நடுநடுவே, படிப்பவர் அதே ஆள்தானா என்று சரிபார்க்கும் கேள்விகள் வரும்.

பாடம் சாதாரணமாகத்தான் இருக்கும். 70 மைல் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 31 மீட்டர் தாண்டிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது 3 விநாடி இடைவெளி வேண்டும். அமெரிக்காவில் வேகம் காரணமான விபத்துகளில் ஆண்டுக்கு 10,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழக்கிறார்கள். போனைத் தள்ளித் தள்ளிப் படிப்பவருக்கும் அந்த இடத்தில் விரல் ஒரு நொடி நிற்கும்.

டிக்கெட் கையில் வந்தால்…

* பணம் கட்டும் பட்டனை முதலில் அழுத்தக் கூடாது. பெரும்பாலான இடங்களில் அது தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு ஸ்கூல் கேட்க வழியில்லாமல் போகலாம்.
* டிக்கெட்டில் இருக்கும் கோர்ட்டின் இணையதளத்தைப் பார்த்தோ, கிளார்க்குக்கு போன் செய்தோ மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: வெளிமாநில லைசென்ஸுக்கு ஸ்கூல் அனுமதி உண்டா? எந்த ஸ்கூலை ஏற்றுக்கொள்வீர்கள்? எந்தத் தேதிக்குள்?
* சொந்த மாநிலத்தின் லைசென்ஸ் துறை, வெளிமாநில டிக்கெட்டுக்கு எத்தனை பாயின்ட் போடுகிறது என்று பார்க்க வேண்டும்.
* 'எல்லா மாநிலத்திலும் செல்லும்' என்று விளம்பரம் செய்யும் வகுப்பில் அவசரப்பட்டுச் சேரக் கூடாது. அங்கீகாரப் பட்டியல் அரசு அல்லது கோர்ட் இணையதளத்தில் இருக்கும்.
* தாளில் 'ரெக்லெஸ்' அல்லது 'மிஸ்டிமீனர்' என்ற சொல் இருந்தால், அந்த ஊர் வக்கீலிடம் பேசுவதுதான் முதல் வேலை. விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.
* வகுப்பு முடித்த சான்றிதழின் நகலை இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்வரையாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சின்னக் கணக்கு. எடிசனிலிருந்து ஃப்ளோரிடா வரை 1,000 மைல். எங்கேயும் நிற்காமல் 70 மைல் வேகத்தில் போனால் 14 மணி 17 நிமிடம். 80-இல் பறந்தால் 12 மணி 30 நிமிடம். மிச்சமாவது 1 மணி 47 நிமிடம்.

டிக்கெட் கிடைத்தால் ஃப்ளோரிடா வகுப்புக்கு 4 மணி நேரம், நியூஜெர்சி வகுப்புக்கு 6 மணி நேரம், வர்ஜீனியா வகுப்புக்கு 8 மணி நேரம்.